கல்லில் கணினி எழுத்து, பிளெக்ஸில் கல்வெட்டு எழுத்து

1

ஓசூர் சிப்காட் பகுதியில் ஒரு பட்டறையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த இளைஞன் ஒருவன் இயந்திரத்தில் சிக்கி இறந்துபோனான். ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன். முப்பதாம் நாளுக்கு, அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள் காசு போட்டு ஒரு நினைவுப் பேனர் வைக்க நினைத்தார்கள். 'நீங்க தமிழ் எம்.ஏ. படிச்சவரு, வாசகம் எழுதிக் குடுங்க தோழர்' என்றார்கள். நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் பெயர். இரண்டாவதில் ஊரும் தாய் தகப்பன் பெயரும். மூன்றாவதில் எந்த இயந்திரத்தில் என்ன வேலை பார்த்தான் என்பது. நான்காவதில் அந்த இயந்திரத்தின் காப்புத் தடுப்பு கழற்றப்பட்டிருந்தது என்பது.

டிடிபி கடையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தம்பி வாசகத்தைப் பார்த்தான். 'அண்ணா, கல்வெட்டு ஃபான்ட்ல போட்டுடலாமா? வீரவணக்கத்துக்கெல்லாம் அதுலதான் போடுறாங்க' என்றான். எல்லோருக்கும் பிடித்திருந்தது. திரையில் பாறை நிறப் பின்னணி வந்தது. ஓரங்கள் உடைந்து, நடுவில் விரிசல் ஓடி, உளியால் கொத்தியதுபோல அவன் பெயர் எழுந்து நின்றது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவன் போலத் தெரிந்தான். அதற்குப் பிறகுதான் சிக்கல். 'இந்த எழுத்தைச் சின்னதாப் போட்டா படிக்க முடியாதுண்ணா. கடைசி ரெண்டு வரியைத் தூக்கிடலாமா?' என்று கேட்டான் தம்பி. தூக்கிவிட்டோம். அந்த இடத்தில் 'வீரவணக்கம்' வந்து உட்கார்ந்தது.

அவன் எப்படிச் செத்தான் என்ற செய்தியை யாரும் தணிக்கை செய்யவில்லை. போலீஸ் வரவில்லை, நிர்வாகம் மிரட்டவில்லை. ஓர் எழுத்துரு அந்த வேலையைச் செய்து முடித்தது. நானும் உடனிருந்து தலையாட்டினேன். தூக்கப்பட்ட அந்த இரண்டு வரிகளிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

2

பழைய எழுத்தின் சாயலில் செய்யப்படும் அலங்கார எழுத்துருக்களை நாம் ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறோம். குறைந்தது மூன்று வகையாகவாவது அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை, வழக்கொழிந்த எழுத்தையே கணினிக்குக் கொண்டுவருபவை. தமிழ் பிராமிக்கு 'ஆதிநாதா' போன்ற எழுத்துருக்கள் இருக்கின்றன. உலகப் பொதுக் குறிமுறையான யூனிகோடில் 2010இல் பிராமிக்கு இடம் கிடைத்தது. கீழடி அகழாய்வு பற்றிய பேச்சு 2019இல் உச்சத்துக்குப் போன பிறகு, 'தமிழி' என்ற பெயரில் இந்த எழுத்து பனியனிலும் சாவிக்கொத்திலும் வண்டிக் கண்ணாடியிலும் ஏறியது. இவற்றில் பெரும்பாலானவற்றில் நடப்பது என்ன? இன்றைய தமிழை இன்றைய எழுத்திலக்கணப்படி தட்டுகிறோம். விழுவது பிராமி வடிவம். உள்ளே இருக்கும் இலக்கணம் இன்றையது, மேலே போட்ட உடை மட்டும் பழசு. ஐராவதம் மகாதேவன் தமிழ் பிராமியில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துமுறைகள் இருந்ததை விளக்கியிருக்கிறார். மிகப் பழைய முறையில் எந்தக் குறியும் இல்லாத எழுத்து மெய்யெழுத்து. அகரம் ஏறிய மெய்க்கு, இன்று நாம் நெடிலுக்குப் போடும் கால் போன்ற ஒரு கோடு வேண்டும். 'மகன்' என்று அந்த முறையில் எழுதினால் இன்றைய கண்ணுக்கு அது 'மாகான' என்று தெரியும். புள்ளி வந்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது பிற்பாடு. பனியனில் இருப்பது இந்த வரலாறு எதுவும் ஏறாத ஒரு பிராமி.

இரண்டாம் வகை, இன்றைய எழுத்துக்கே பழைய வேஷம் கட்டுபவை. நாங்கள் பேனரில் போட்டது இந்த ரகம். எழுத்தின் எலும்பு இன்றைய அச்செழுத்து. அதன்மேல் உளிக்கொத்து, விரிசல், ஓலைக் கிழிசல், செப்பேட்டுப் பாசி. பக்திச் சுவரொட்டிகளில் தமிழெழுத்தின் தலையில் நாகரிக் கோடு இழுத்து மாட்டியிருப்பார்களே, அதுவும் இதில் சேர்த்திதான்.

மூன்றாம் வகை, நேற்றுவரை புழங்கிப் பிறகு விலக்கப்பட்ட வடிவங்களைத் திரும்ப எடுத்து வருபவை. யானைத் துதிக்கை போலச் சுருண்ட பழைய ணை, லை, ளை, னை. வால் சுழித்த பழைய ணா, றா, னா. கல்யாணப் பத்திரிகையிலும், 'பாரம்பரிய' என்று தொடங்கும் பெயர் வைத்த மெஸ் பலகைகளிலும் இவற்றை இப்போது பார்க்கலாம்.

மூன்றும் 'பழமை' என்ற ஒரே உணர்ச்சியைத்தான் விற்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு பழமையை மறைக்கிறது.

3

இறந்துபோன தம்பியின் ஊருக்கு அந்தப்பக்கம் செங்கம். செங்கம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நீளும் இந்த நிலம் நடுகற்களின் நிலம். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு தொகுப்பே வெளியிட்டது. மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதிச் செத்தவன், மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன் என்று கல் கல்லாக நிற்கிறார்கள். இந்தக் கற்களில் பெரும்பாலானவற்றின் எழுத்து வட்டெழுத்து.

இந்த வட்டம் எங்கிருந்து வந்தது? தமிழ் பிராமி பெரும்பாலும் நேர்கோடும் கோணமுமான எழுத்து. கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி அது வளைந்து உருண்டு வட்டெழுத்தாகிறது. ஓலையில் எழுத்தாணி ஓடிய பழக்கம்தான் காரணம் என்பது அறிஞர்கள் பொதுவாகச் சொல்வது. நரம்பின் போக்கிலேயே நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும். கையை எடுக்காமல் ஓட்டினால் எழுத்து தானாக உருளும். அப்படியானால், நடுகல்லில் நாம் பார்க்கும் வளைவு கல்லுக்குச் சொந்தமானது இல்லை. ஓலையில் பழகிய கை, கல்லிலும் அப்படியே எழுதியிருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். 'அசல் கல்லெழுத்து' என்று நாம் தேடிப் போகிற இடத்திலேயே, வேறொரு பொருளிலிருந்து பெயர்த்துவந்த சாயல்தான் நிற்கிறது. மூலம் என்று ஒன்றைத் தொட்டுவிடலாம் என்ற ஆசையை அந்தக் கல்லே கலைத்துவிடுகிறது.

அடுத்த கேள்வி, யார் எந்த எழுத்தில் எழுதினார்கள் என்பது. முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலில் தன் பெருமையை வடமொழியில், கிரந்த எழுத்தில் பொறித்தான். அதே மகேந்திரனின் 34ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கும் எடுத்தனூர் நடுகல் செங்கம் வட்டாரத்தில் இருக்கிறது. அது வட்டெழுத்தில் எழுதிய தமிழ். எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்ட கல் அது. அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்து அது காவல் நின்றதைக் கல்வெட்டு தனியாகச் சொல்கிறது. ஒரே மன்னன் காலம், இரண்டு எழுத்து, இரண்டு உலகம். ஒன்றில் அரசனின் விருதுப்பெயர், இன்னொன்றில் எருமை மேய்த்தவனும் அவன் நாயும்.

அலங்கார எழுத்து நம் வரலாற்றில் இல்லாமலா இருந்தது? இருந்தது. காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மன் தன் பட்டங்களைச் சுற்றியுள்ள சிறு கோயில்களில் வரிசை வரிசையாகப் பொறித்திருக்கிறான். 200க்கும் மேற்பட்ட பட்டங்கள். ஒரே பட்டம் அடுத்தடுத்த அடுக்குகளில் வேறுவேறு எழுத்து வகைகளில் திரும்ப வருகிறது. அதில் ஒரு வகை கொடியாகச் சுருண்டு சுழித்த அலங்கார எழுத்து. அங்கே செய்தி ஒன்றுமில்லை. இன்னாருக்கு இன்ன நிலம் கொடுத்தேன் என்றுகூட இல்லை. பட்டம் மட்டும்தான். எழுத்து செய்தி சொல்லும் வேலையிலிருந்து விடுபட்டு, அதிகாரம் தன் அழகைத் தானே பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாகிவிடுகிறது. நடுகல்லுக்கு அந்தச் சொகுசு கிடையாது. ஆண்டு, ஊர், பெயர், யாருடைய ஆள், எதற்காகப் பட்டான் என்று அத்தனையையும் ஒரு சின்னக் கல்லில் அடக்க வேண்டும். எழுத்து நெருங்கி, வளைந்து, இருக்கிற இடத்தில் ஒண்டிக்கொள்ளும்.

நம் பேனர் எதிலிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. பாறை நிறத்தை நடுகல்லிலிருந்து எடுத்தோம். மனோபாவத்தை இராஜசிம்மனிடமிருந்து எடுத்தோம். பட்டம் நின்றது, செய்தி போயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாம் இன்று எழுதும் தமிழெழுத்து வட்டெழுத்தின் நேர்வாரிசு கிடையாது. பல்லவ, சோழ அரசுகளின் ஆதரவில் வளர்ந்த எழுத்தின் வழியில் வந்தது. பாண்டிய நாட்டில் வட்டெழுத்து வழங்கிவந்தது. சோழர் அதைப் பிடித்த பிறகு, 11ஆம் நூற்றாண்டிலிருந்து அது அங்கே பின்வாங்குகிறது. கேரளத்தில் கோலெழுத்தாகவும் மற்ற வடிவங்களிலும் பல நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது. ஆக, இன்றைய எழுத்தைக் கொஞ்சம் உருட்டி 'வட்டெழுத்து ஸ்டைல்' என்று விற்கும்போது, வென்ற எழுத்து தோற்ற எழுத்தின் தோலைப் போர்த்திக்கொண்டு வருகிறது. இந்த ஏற்றத்தாழ்வு கணினிக்குள்ளும் தொடர்ந்தது. 2014இல் யூனிகோடில் கிரந்தத்துக்குத் தனி இடம் கிடைத்தது. அதற்கு முன் 2010இல் அந்த முன்மொழிவில் எ, ஒ, ழ, ற, ன ஆகியவற்றைச் சேர்ப்பது பற்றிப் பெரிய சண்டையே நடந்தது, தமிழக அரசு தலையிட்டது. கருந்தேவக்கத்தியின் எழுத்துக்காக அப்படி ஒரு சண்டை நடக்கவில்லை.

4

மூன்றாம் வகைக்கு வருவோம். யானைத் துதிக்கை லை, னை. இவை கையெழுத்தின் வேகத்தில் எழுத்தும் குறியும் ஒட்டிக்கொண்டு உண்டான கூட்டெழுத்துகள். அச்சு வந்தபோது ஓலையின் கைவடிவத்தை ஈயத்தில் வார்த்தார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' முதல் இந்தக் கதை தொடங்குகிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்து 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகள் அளவில் பெரியவை. காகிதம் கட்டுப்படியாகாமல் இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். எழுத்தின் அளவு வாசகத்தின் நீளத்தைத் தீர்மானிக்கும் சிக்கல் 300 வருஷப் பழசு. அவர்கள் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாக வேண்டும் என்று எழுத்தைச் சிறிதாக்கினார்கள். நாங்கள் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று வாசகத்தைச் சிறிதாக்கினோம்!

பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது அவர் முன்வைத்த நியாயங்கள் மிகவும் லௌகீகமானவை. கற்பவனுக்குச் சுமை குறைய வேண்டும், அச்சுக்கோப்பவனுக்கு அறைகள் குறைய வேண்டும். எழுத்துக்குப் புனிதம் ஏதுமில்லை, அது ஒரு கருவி என்பதே அதன் உட்பொருள். 1978இல் தமிழக அரசு ஆணை பிறப்பித்து 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. ஐ, ஔ பற்றிய பெரியாரின் யோசனையை அரசு ஏற்கவில்லை.

அன்று மாற்றப்பட்ட வடிவங்கள்தான் இன்று கல்யாணப் பத்திரிகையில் ஆபரணமாகத் திரும்புகின்றன. இதைப் பார்த்ததும் 'பிற்போக்கு' என்று பாய வேண்டாம். என் அம்மாச்சி கடிதத்தில் அந்த லையைத்தான் எழுதினார். அவருக்கு அது பழமையும் இல்லை, அலங்காரமும் இல்லை. அது வெறும் லை. அது அலங்காரமாவது எப்போது? அதை எழுதத் தெரிந்த கடைசித் தலைமுறை கையை விட்ட பிறகு. ஒரு வடிவம் உழைப்பிலிருந்து கழன்ற பிறகே அழகுப் பொருளாக அலமாரிக்கு வருகிறது. அம்மி, உரல், லாந்தர் விளக்கு எல்லாம் ரிசார்ட் வாசலுக்கு வந்த வழியும் இதுதான்.

5

இது நமக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. 1883இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து எழுத்து வார்ப்பகம் ஒன்று ரோமன் எழுத்துகளைச் சீனத் தூரிகைக் கோடுபோல வெட்டி ஓர் அச்செழுத்தை வெளியிட்டது. பின்னால் அதற்கு 'மாண்டரின்' என்று பெயர். சீன மொழிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் சீன உணவகம் என்றாலே அந்த எழுத்துதான் என்றாகிவிட்டது. சீனத் தொழிலாளிகள் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விதித்த சட்டம் வந்தது 1882இல். ஆளை வாசலில் நிறுத்திவிட்டு, அவன் எழுத்தின் சாயலை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.

ஐரிஷ் மொழிக்கான முதல் அச்செழுத்து, முதலாம் எலிசபெத் அரசியின் பணத்தில், புரோட்டஸ்டண்ட் சமயத்தைப் பரப்புவதற்காக உருவானது. 1571இல் டப்ளினில் அந்த எழுத்தில் நூல் வந்தது. ஆள வந்தவர்கள் தொடங்கிவைத்த ஐரிஷ் அச்செழுத்து மரபு, பிற்காலத்தில் அவர்களுக்கே எதிரான தேசியத்தின் அடையாளமானது. 1960களில் பள்ளிகள் ரோமன் எழுத்துக்கு மாறிய பிறகு, பழைய வடிவம் மதுக்கடைப் பலகைக்கும் நினைவுக்கல்லுக்கும் ஒதுங்கியது.

ஜெர்மனியின் கதை இன்னும் கூர்மையானது. கூர்முனைகளும் உடைந்த வளைவுகளும் கொண்ட கோதிக் வகை எழுத்தை 'ஜெர்மானிய ஆன்மாவின் எழுத்து' என்று நாஜிகள் தூக்கிப்பிடித்தார்கள். 1941 ஜனவரி 3 அன்று, மார்ட்டின் போர்மன் கையெழுத்திட்ட சுற்றறிக்கை அதே எழுத்தை 'யூத எழுத்து' என்று சொல்லி விலக்கியது. பிடித்த நாடுகளில் அறிவிப்பு ஒட்டினால் யாருக்கும் படிக்க முடியவில்லை என்ற நடைமுறைத் தொல்லை அதன் பின்னால் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். ஒரே எழுத்துக்கு இன ஆன்மா வந்ததும் ஓர் ஆணையில், போனதும் ஓர் ஆணையில். எழுத்தின் வளைவில் ரத்தம் ஓடுவதாக நம்புகிறவர்கள் இந்தச் சுற்றறிக்கையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

ரோலான் பார்த் 1957இல் 'தொன்மம்' என்பதை விளக்கியபோது சொன்னது இங்கு உதவும். அவர் வார்த்தையில் இல்லாமல் நம் வார்த்தையில் சொன்னால், ஏற்கெனவே அர்த்தம் உள்ள ஒரு குறியை எடுத்து, அதன் வரலாற்றை வடியவிட்டு, காலியான ஓட்டில் வேறொரு அர்த்தத்தை நிரப்புவது தொன்மத்தின் வேலை. நடுகல் எழுத்து என்ற குறியில் ஓர் எருமை மேய்ப்பனின் சாவு இருந்தது. அது வடிந்துபோய் 'தொன்மை', 'வீரம்', 'நம்ம பெருமை' வந்து நிரம்பியது. வடிந்துபோனதைக் கேட்க ஆளில்லாதவரை ஓட்டுக்கு எந்தக் கட்சியும், எந்தச் சாதிச் சங்கமும், எந்தக் கருப்பட்டிக் காபிக் கம்பெனியும் சொந்தம் கொண்டாடலாம்.

6

இந்த ஓட்டை எல்லையில் வைத்துப் பார்த்தால் அதன் விபரீதம் தெரியும். ஓசூரில் நின்றுகொண்டு 'எங்கள் எழுத்து' என்று சொல்வது கொஞ்சம் கஷ்டமான காரியம். இங்கே வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ், மசூதித் தெருவில் உருது என்று வாழ்கிற குடும்பங்கள் உண்டு. கல்வெட்டுகளும் அப்படித்தான். தர்மபுரியில் 9ஆம் நூற்றாண்டு நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்துக் கன்னடக் கல்வெட்டுகள் இருக்கின்றன. எல்லைக்கு அந்தப்பக்கம் பெங்களூர், கோலார் பகுதிகளிலிருந்து பி. எல். ரைஸ் தொகுத்த 'எபிகிராபியா கர்நாடிகா' தொகுதிகளில் தமிழ்க் கல்வெட்டுகள் நிறைய. கல் எங்கே நிற்கிறது என்பதை வைத்து எல்லைக்கோடு இழுக்கப் போனால் இரண்டு பக்கமும் சங்கடம்தான். 1956க்கு முன் செத்த எந்த வீரனும் தான் எந்த மாநிலத்தில் சாகிறோம் என்று அறிந்து சாகவில்லை.

பெயர்ப்பலகைச் சட்டங்களையும் பாருங்கள். தமிழ்நாட்டில் கடைப்பலகையில் தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்ற அளவு விதி. கர்நாடகத்தில் 2023 டிசம்பரில் பெங்களூரில் ஆங்கிலப் பலகைகள் உடைக்கப்பட்டு, 2024இல் பலகையில் 60 சதவீதம் கன்னடம் என்று சட்டத் திருத்தம் வந்தது. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் பலகைகளின் விகிதம் மாறிவிடும். ஒரு தேசிய இனம் தன் மொழியைத் தெருவில் பார்க்க விரும்புவதில் எனக்குச் சண்டையில்லை. நான் கவனிப்பது வேறு. சட்டம் எழுத்தின் பரப்பளவை அளக்கிறது. அலங்கார எழுத்துரு எழுத்தின் வயதை அளக்கிறது. பலகையில் எழுதியிருப்பதைப் படிக்கப்போவது யார் என்று இரண்டுமே கேட்பதில்லை.

எங்கள் தம்பியின் அறையில் ஆறு பேர். அதில் இரண்டு பேர் ஒடிசாக்காரர்கள். பேனருக்கு அவர்களும்தான் காசு போட்டார்கள். கடைத்திரையில் பெயர் எழுந்தபோது ஒருவன் கையைக் கூப்பினான். அவனுக்கு எந்தத் தமிழெழுத்தும் ஓவியம்தான். படிக்கத் தெரியாதவன் கண்ணில் எல்லா எழுத்தும் அலங்காரம் என்பது அப்போது உறைத்தது. அதைத் திருப்பிப் போட்டால் நமக்கு வலிக்கும். தமிழ் பிராமி பனியனைப் போட்டுக்கொண்டு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நிற்கும்போது, நம் எழுத்துக்கு நாமே கைநாட்டு ஆகிறோம். அவன் படிக்காததற்கு வறுமையும் புலம்பெயர்வும் காரணம். நாம் படிக்காததற்குப் பெருமை காரணம்.

7

அப்படியானால் இயக்கத்தின் பேனரில், துண்டறிக்கையில் இந்த எழுத்துருக்களே கூடாதா? அப்படி ஒரு சுற்றறிக்கை அனுப்ப நான் போர்மன் இல்லை. கீழடிப் பானை ஓட்டில் ஆதன் என்றும் குவிரன் என்றும் கீறியிருப்பதைப் பார்த்து ஒரு பள்ளிப் பெண் பிராமி கற்றுக்கொண்டால் அதைவிட நல்ல காரியம் எது? எழுத்துருவைக் கற்கும் கருவியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் மூன்று கேள்வி கேட்டாக வேண்டும். இது எந்தக் கையின், எந்தப் பொருளின் வடிவம்? இதை யார் படிக்கப்போகிறார்கள்? இதற்கு இடம் கொடுக்க எந்த வரி வெளியேறுகிறது? மூன்றாவது கேள்வியைத்தான் அன்று நான் கேட்கத் தவறினேன்.

நடுகல்லிலிருந்து நாம் எடுக்க வேண்டியது அதன் வளைவைவிட அதன் வாக்கியத்தை. இன்ன ஆண்டு, இன்ன ஊர், இன்னான், இதற்காகப் பட்டான் என்று சொல்லும் வாக்கியம் அது. 'எருமைக்காக' என்று எழுத அந்தக் கல் கூச்சப்படவில்லை. நாயின் பெயரை விட்டுவிடவில்லை. இன்று ஒரு தொழிற்சாலைச் சாவைப் பற்றி அந்த வாக்கியத்தைச் சாதாரணப் பாமினியிலோ ஸ்ரீலிபியிலோ அடித்து ஒட்டினாலும் அது நடுகல்தான். அந்த வாக்கியம் இல்லாமல் எவ்வளவு விரிசல் போட்டாலும் அது பிளெக்ஸ்தான்.

ஆறு மாதம் கழித்து, ஊரில் ஒரு கல் நட வேண்டும் என்று அவன் அப்பா கேட்டார். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறைக்குப் போனோம். இந்த மாவட்டத்தின் கல் உலகம் முழுக்கப் போகிறது. திறப்புவிழாப் பலகைகளும் சமாதிப் பலகைகளும் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தேன். வாசகத்தைக் கணினியில் அடிக்கிறார்கள். ஸ்டிக்கர் தாளில் இயந்திரம் எழுத்தை வெட்டுகிறது. அதைப் பளபளப்பான கல்லில் ஒட்டி, எழுத்து விழ வேண்டிய இடத்தை மட்டும் உரித்துவிட்டு மணலைப் பீய்ச்சுகிறார்கள். கல் பள்ளமாகிறது. பள்ளத்தில் பொன்வண்ணம். உளி இல்லை, கொத்து இல்லை, விரிசல் இல்லை. கடைகளில் ரசீது அடிக்கும் அதே எழுத்து. அன்று ஓலையின் எழுத்து கல்லுக்கு வந்ததுபோல இன்று கணினியின் எழுத்து கல்லுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். கல்வெட்டு எழுத்தை நாங்கள் பிளெக்ஸில் தேடிக்கொண்டிருந்தபோது, கல்வெட்டு இங்கே அமைதியாகக் கணினி எழுத்தில் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

பட்டறைக்காரர் தாளை வாங்கிப் படித்தார். நான்கு வரி. 'எழுத்துக் கணக்குங்க. பேரும் தேதியும் மட்டும் போட்டா கம்மியா முடியும். கடைசி ரெண்டு வரி வேணுமா?' என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன் அந்த ஒடிசாப் பையன், உடைந்த தமிழில், அந்த வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டான். அவனோடு அறையில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

'அதான் முதல்ல போடணும்' என்றான் அவன்.

நான்கு வரியும் சின்ன எழுத்தில், இருக்கிற இடத்தில் ஒண்டிக்கொண்டு, கல்லில் ஏறின.